சின்ன வெங்காயமும் யாழ்ப்பாணமும்: உள்நாட்டுப் போர் ஒரு விவசாயப் பகுதியை என்ன செய்யும்?

கள்ளிக்குடி சம்சாரி · ஞாயிறு, இரவு 8:40

போன வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க உச்சப்பட்டி முகாமிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மூத்தவர் என் வெங்காயப் பட்டறையையே பார்த்துக்கொண்டிருந்தார். விலை இல்லை என்று சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு, அதாவது குவித்துச் சேமித்து, வைத்திருக்கிறேன். எழுந்து போய் ஒரு கை அள்ளி, தோலைத் தேய்த்து மோந்து பார்த்துவிட்டு, "அடியில காத்துப் போகேல்ல ஐயா, இன்னும் பத்து நாளில வேர்த்திடும்" என்றார்.

பெயிண்டருக்கு இது எப்படித் தெரியும்? கேட்டால், அவருடைய அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டமாம். மறுநாள் பட்டறையைப் பிரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அடியில் கல் கொடுத்துத் தூக்கி மறுபடி போட்டேன்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி. இலங்கைப் போர் என்றால் நமக்குக் குண்டும் சாவும் முகாமும்தான் தெரியும். தோட்டம் என்ன ஆனது? மண்ணை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது, கிணறும் அங்கேதான் இருக்கும். சண்டை ஓய்ந்த அடுத்த பட்டத்தில் நட்டுவிட முடியாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் சண்டை வேண்டாம், அதற்கு இங்கே வேறு இழைகள் இருக்கின்றன.

சந்தேகம் சாமி · ஞாயிறு, இரவு 9:05

குண்டு விழுகிற இடத்தில் எவன் வெங்காயம் நடுவான்? விவசாயம் நின்றுபோயிருக்கும், அவ்வளவுதான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

வலிகாமத்தான் · ஞாயிறு, இரவு 10:30

சாமி அண்ணா, நிற்கவில்லை. அதுதான் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாத இடம்.

நான் எட்டு வயதில் அகதியாக மண்டபம் முகாமில் வந்து இறங்கியவன். நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி அப்பா சொன்னது, மீதி அங்கேயே தங்கிவிட்ட சித்தப்பா சொன்னது. கணக்கு உதைக்கும், விடுங்கள்.

எங்கள் பக்கம் யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு. நல்ல செம்மண், அடியில் சுண்ணாம்புக்கல். குடாநாட்டில் உங்கள் வைகை மாதிரி எதுவும் கிடையாது. மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்று உண்டு, மற்றதெல்லாம் கிணறு. எங்களுக்குப் பன்னிரண்டு பரப்பு. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். அதில் வெங்காயம், மிளகாய், ஒரு மூலையில் புகையிலை, வேலியோரம் நாலு முந்திரிகைக் கொடி. (இங்கே வந்த புதிதில் 'முந்திரிகைப் பழம்' என்று கேட்டு அப்பா பட்ட பாடு! எங்களுக்கு அது திராட்சை. உங்களுக்கு அது பாயசத்தில் போடுவது.)

1970 முதல் 1977 வரை சிறிமாவோ ஆட்சியில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தார்கள். கொழும்புக்கு எங்கள் வெங்காயம்தான் போக வேண்டும். ஊரில் கல்வீடுகள் எழும்பியது அந்தக் காலத்தில்தான் என்பார் அப்பா. 1977-ல் ஜெயவர்த்தனா வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டார். விலை விழுந்தது. அதாவது 1983 கலவரத்துக்கு முன்பே எங்கள் ஆட்களுக்கு முதல் அடி விழுந்துவிட்டது.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது பலாலி ராணுவ முகாமைச் சுற்றியிருந்த ஊர்கள் அப்படியே காலியாகின. நாங்கள் படகேறினோம். சித்தப்பா தெற்கே நகர்ந்து சுன்னாகத்துப் பக்கம் ஒருவரின் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அப்புறம் பொருளாதாரத் தடை. பெட்ரோல், டீசல், யூரியா, சிமெண்ட், பேட்டரி எல்லாம் தடை, இல்லாவிட்டால் கட்டுப்பாடு. யூரியாவில் வெடிமருந்து செய்யலாம் என்பது காரணம். மின்சாரமும் இல்லை.

ஆறு இல்லாத ஊரில் மண்ணெண்ணெய் இல்லை என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். இறைப்பு மெஷினை இரண்டு சொட்டுப் பெட்ரோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அந்த மண்ணெண்ணெயும் தீர்ந்தால் துலா. நீங்கள் ஏற்றம் என்பீர்கள். ஒருவர் மேலே மிதிக்க ஒருவர் கீழே ஊற்ற, ஒரு நாளில் எவ்வளவு பாய்ச்ச முடியும்? பத்துப் பரப்பு நட்டவர் மூன்று பரப்புக்கு வந்துவிட்டார். குண்டு ஒன்றும் அந்தத் தோட்டத்தில் விழவில்லை, சாமி அண்ணா. தோட்டம் தானாகவே சுருங்கியது.

2021-ல் இலங்கை அரசு ரசாயன உரத்தைத் தடை செய்து நாடே கொதித்ததே, நினைவிருக்கிறதா? சித்தப்பா போனில் சிரித்தார். "எங்களுக்கு இது ரெண்டாம் தரம்" என்றார்.

மாரட்வீதி மண்டி · திங்கள், காலை 6:15

ராத்திரி லோடு இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், எழுதிவிடுகிறேன்.

மதுரை கீழமாரட் வீதியில் எங்களுக்கு மூன்று தலைமுறையாக வெங்காய மண்டி. வலிகாமத்தான் தம்பி சொன்னது விளைச்சல் பக்கம். வியாபாரப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது.

கள்ளிக்குடியிலிருந்து ஒரு மூட்டை எங்கள் கடைக்கு வர ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, இறக்குக்கூலி, கமிஷன். இதற்கே சம்சாரி எங்களைத் திட்டுவார். (திட்டுவதில் நியாயமும் இருக்கிறது.) தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்து மூட்டை கொழும்பு போன கதையை, இங்கே வந்து செட்டிலான ஒரு பழைய யாவாரி எனக்குச் சொல்லியிருக்கிறார். குடாநாட்டிலிருந்து வெளியே போகிற ஆனையிறவுத் தரைவழி அடைபட்டுவிட்டது. சரக்கு டிராக்டரில் கிளாலிக் கரைக்குப் போகும். இருட்டியதும் படகு. கடற்படை சுடும். அக்கரையில் மறுபடி வண்டி. வவுனியா எல்லையில் ராணுவச் சோதனை. மூட்டையைப் பிரித்துக் கொட்டிக் கிளறிப் பார்ப்பார்கள். பிறகு வேறு லாரி. வெங்காயத்தை நான்கு தடவை கொட்டி அள்ளினால் என்ன மிஞ்சும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் போச்சு, எடை போச்சு, மூன்றாம் நாள் நாற்றம்.

இதன் விளைவைக் கவனியுங்கள். உள்ளே வருகிற சாமான் எல்லாம் யானை விலை: சோப்பு, மண்ணெண்ணெய், உரம். வெளியே போக வேண்டிய சரக்கோ உள்ளேயே தேங்கி அடிமாட்டு விலை. கொழும்பில் வெங்காயம் விலை ஏறிக் கிடக்கும்போதே சுன்னாகம் சந்தையில் கேட்பாரற்றுக் கிடக்கும். சம்சாரி விற்கும்போதும் அடி வாங்குகிறான், வாங்கும்போதும் அடி வாங்குகிறான். நடுவில் வழி தெரிந்தவன், ஆள் பிடித்து வைத்திருப்பவன், படகு வைத்திருப்பவன், இவர்கள் பிழைத்தார்கள். யாவாரி வர்க்கத்தில் பிறந்தவன் என்பதால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்: வழி அடைபட்டால் வியாபாரம் சாகாது, நாலு பேர் கைக்குப் போய்விடும்.

சந்தேகம் சாமி · திங்கள், காலை 9:20

சரி, விவசாயம் நிற்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பழியும் அரசின் தடைமேல் போகிறதே? புலிகள் பக்கம் வரியே வாங்கவில்லையா?

வலிகாமத்தான் · திங்கள், இரவு 9:50

வாங்கினார்கள். மறைக்க ஒன்றுமில்லை. 2002-ல் போர்நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதி திறந்தபோது வடக்கே போகிற சரக்கு லாரியெல்லாம் அவர்கள் சாவடியில் வரி கட்டித்தான் போகும். அதற்கு முன்பும் தோட்டக்காரனுக்கு வரி இருந்தது. ஊரை விட்டுப் போக 'பாஸ்' எடுக்க வேண்டும், அதற்கு ஆள் பிணை நிற்க வேண்டும். வேலை செய்கிற வயசுப் பிள்ளைகள் இயக்கத்துக்குப் போனார்கள், போகாதவர்களைத் தாய் தகப்பன் நகையை அடகு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். வெங்காயம் பிடுங்க ஆள் இல்லை.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் சில மணி நேர அவகாசம்தான். பலர் புத்தளத்துக்குப் போனார்கள். இரும்புக் கடை, லாரித் தொழில் எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தவை. மண்வெட்டி வாங்கின கடைக்கும் சரக்கு ஏற்றிய லாரிக்கும் முதலாளி ஒரே வாரத்தில் இல்லை. அப்பாவுக்கு அங்கே ஒரு கடையில் பற்று வரவு இருந்ததாம். "அந்தக் காசை நான் கடைசி வரை குடுக்கேல்ல" என்று இங்கே முகாமில் இருக்கும்போதும் சொல்வார்.

மேலூர் கடைமடை · திங்கள், இரவு 10:40

யாழ்ப்பாணத்துக்குக் கிணறு என்றால், அதற்குத் தெற்கே இருக்கிற வன்னிக்கும் திருகோணமலைக்கும் குளம்தான். எங்களை மாதிரி மதகைப் பார்த்துக் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான கதை.

2006 ஜூலையில் திருகோணமலை மாவட்டத்தில் மாவிலாறு அணைக்கட்டின் மதகைப் புலிகள் அடைத்தார்கள். கீழே சுமார் 15,000 குடும்பங்களுக்கு வயலுக்கும் குடிக்கவும் தண்ணீர் நின்றது. சிங்களவர், முஸ்லிம், தமிழர் எல்லாரும் அதில் உண்டு. மதகைத் திறக்கிறோம் என்று ராணுவம் இறங்கியது. கடைசிக் கட்டப் போர் அங்கே தொடங்கியதுதான். அந்த ஆகஸ்டிலேயே ஏ9 மறுபடி மூடப்பட்டது.

பெரியாறு கால்வாயில் மேல்மடைக்காரன் இரண்டு நாள் கூடுதலாகத் தண்ணீர் வைத்தாலே நாங்கள் மறியலுக்குக் கிளம்புவோம். அங்கே மதகுக்கே துப்பாக்கிக் காவல்.

கிளிநொச்சியில் இரணைமடுக் குளம், வடக்கிலேயே பெரியது. சிறுபோக (கோடைப்பருவ) நெல் முழுக்க அதை நம்பித்தான். குளம் என்றால் கரை மட்டுமில்லை. மதகுக்கு எண்ணெய் போடுகிறவன், வாய்க்கால் தூர் வாரக் கூட்டம் போடுகிறவன், எந்த வயலுக்கு எந்த முறை என்று மனப்பாடமாக வைத்திருக்கிற கிழவன், எல்லாம் சேர்ந்ததுதான் குளம். எங்களுக்கு நீர்பாய்ச்சி இருக்கிற மாதிரி. ஊரே இடம்பெயர்ந்து வருடக்கணக்கில் வாய்க்கால் தூர்ந்து, கரையில் மரம் முளைத்துவிட்டால், காசு கொட்டிக் கட்டுமானத்தைச் சரி செய்யலாம். முறைப் பாசனம் எந்த ஒப்பந்ததாரரிடமும் கிடைக்காது.

2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் கரையையே புலிகள் உடைத்தார்கள், ராணுவம் முன்னேறுவதைத் தடுக்க. குளத்தை உடைத்தார்கள் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

தல்லாகுளம் டீச்சர் · செவ்வாய், காலை 7:10

முப்பது வருடம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவள், கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டிக்காரத் தம்பி சொன்ன இரட்டை விலைதான் இந்த விஷயத்தின் முடிச்சு. அதற்கு மறுபுறமும் உண்டு. எங்கோ ஒரு விவசாயப் பகுதி சண்டையில் அடைபட்டால், வேறெங்கோ ஒரு விவசாயப் பகுதிக்கு விலை ஏறும். நம் கரிசல் காடே அதற்குச் சாட்சி.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தெற்கு மாநிலங்கள் பருத்திப் பூமி. வடக்குக் கடற்படை அவர்கள் துறைமுகங்களை அடைத்தது. இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு இல்லை. உடனே இந்தியப் பருத்திக்குக் கிராக்கி. பம்பாய்ப் பக்கம் மட்டுமில்லை, திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர் கரிசலுக்கும். வண்டி வண்டியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனது. கம்பும் சோளமும் போட்ட இடத்தில் பருத்தி ஏறியது. 1865-ல் அங்கே போர் முடிந்தது, இங்கே விலை விழுந்தது. ஏறிய விலையை நம்பிக் கடன் வாங்கியவன் மாட்டிக்கொண்டான்.

அமெரிக்கத் தெற்கில் நடந்ததும் கவனிக்க வேண்டியது. அடிமைமுறை ஒழிந்தது, ஆனால் விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய முதலாளியின் நிலத்திலேயே வாரத்துக்கு உழுதார்கள். பணப்புழக்கம் இல்லாததால் ஊர்க் கடைக்காரன்தான் கடன் கொடுப்பான், வரப்போகிற வெள்ளாமையை ஈடாக எழுதிக்கொண்டு. பருத்தி போட்டால்தான் கடன் தருவேன் என்பான். அதனால் சாப்பாட்டுத் தானியம் போட முடியாது, அதையும் அவன் கடையிலேயே கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். இரண்டு தலைமுறை இதிலேயே போனது. சண்டை நடந்தது நாலே வருடம்.

நமக்கும் உள்நாட்டுப் போர் புதிதில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1310-ல் குலசேகர பாண்டியன் கொலைக்குப் பிறகு சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அடித்துக்கொண்டார்கள், மறு வருடமே மாலிக் காபூர் மதுரை வாசலில் நின்றான்.

நடத்துநர் · செவ்வாய், காலை 8:00

டீச்சரம்மா, பாண்டியருக்குத் தனி இழை போட்டுவிடலாம். இங்கே தொடங்கினால் நிற்காது, எனக்கு இந்தக் கூட்டத்தைத் தெரியும்.

சந்தேகம் சாமி · செவ்வாய், மதியம் 1:30

பாண்டியர் இழை வந்தால் முதல் ஆளாக வருவேன். இப்போது இதைச் சொல்லுங்கள். போர் முடிந்தது 2009 மே. வருடங்கள் ஓடிவிட்டன. சம்சாரி முதலில் கேட்டதும் இதுதான்: அடுத்த பட்டத்தில் நட்டிருக்க வேண்டியதுதானே?

வலிகாமத்தான் · செவ்வாய், இரவு 10:15

அண்ணா, முதலில் ஆட்கள் அங்கே இருக்க வேண்டுமே. 2009-ல் வன்னியிலிருந்து வெளியே வந்த சுமார் மூன்று லட்சம் பேரைச் செட்டிகுளம் முகாம்களில் முள்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். அவர்கள் வயல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கிடந்தது. காலபோகத்துக்கு (மழைப்பருவச் சாகுபடிக்கு) விதைக்க வேண்டிய மாதத்தில் உழவன் முள்கம்பிக்கு உள்ளே.

அப்புறம் கண்ணிவெடி. உழவு மாடு காலை வைத்தாலும் ஒன்று, டிராக்டர் சக்கரம் வைத்தாலும் ஒன்று. ஒவ்வொரு சாணாகச் சோதித்து விடுவிக்க வேண்டும், அந்த வேலை வருடக்கணக்கில் நடந்தது. டிராக்டர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும்: கடைசி மாதங்களில் சனம் வீட்டுச் சாமான், நெல்மூட்டை, கிழவர்கள் எல்லாரையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்தது. புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று போய், கடைசியில் கடற்கரையில் அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள். ஒரு குடும்பத்தின் முப்பது வருடச் சேமிப்பு அந்த மெஷின்.

மாடு கட்டாக்காலியாகிப் போனது. பனைகளைப் பதுங்குகுழிக்குத் தறித்துவிட்டார்கள். பனை எங்களுக்கு வேலி, கூரை, பனாட்டு, ஒடியல், எல்லைக்கல், எல்லாம். உறுதிப்பத்திரம் எரிந்து, எல்லைப் பனையும் இல்லாமல் போனால், எது உன் நிலம் என்று எப்படிச் சொல்வாய்? அண்ணன் தம்பிக்குள்ளேயே வழக்கு.

விதை வெங்காயமும் இருக்கிறது. சம்சாரி ஐயாவுக்குத் தெரியும்.

கள்ளிக்குடி சம்சாரி · செவ்வாய், இரவு 10:50

தெரியும் தம்பி. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன வெங்காயத்தில் பெரும்பாலும் காய்தான் விதை. ஏக்கருக்கு 600 கிலோ வரை வேண்டும். நெல் மாதிரி குதிரில் போட்டு இரண்டு வருடம் கழித்து எடுக்க முடியாது, சில மாதத்தில் முளைத்துவிடும் அல்லது அழுகிவிடும். ஒரு பட்டம் தவறினால் விதை போச்சு. அடுத்தவனிடம் வாங்கலாம் என்றால், அவனும் ஓடியிருக்கிறான்.

வலிகாமத்தான் · செவ்வாய், இரவு 11:20

அதேதான். எங்கள் ஊரில் 'வேதாளன்' என்று ஒரு ரகம், நல்ல சிவப்பு. 1995 அக்டோபரில் வலிகாமமே காலியாகித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்ததே, ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், அப்போது சித்தப்பா சைக்கிளில் பாட்டியை உட்காரவைத்து, பின்னால் அரைச் சாக்கு விதை வெங்காயமும் கட்டினாராம். வழியில் மழை. சாக்கு நனைந்தது. மூன்றாம் நாள் அதை உரித்துச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

தல்லாகுளம் டீச்சர் · புதன், காலை 7:00

விதை என்றதும் நினைவு வந்தது. சிரியாவில் அலெப்போ அருகே வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய விதை வங்கி இருந்தது. போரில் அங்கே வேலை செய்ய முடியாமல் போனது. நல்லவேளை, நார்வேயில் பனிக்கு அடியில் இருக்கும் ஸ்வால்பார்ட் பெட்டகத்தில் நகல் வைத்திருந்தார்கள். 2015-ல் அதைத் திரும்ப எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். அந்தப் பெட்டகத்திலிருந்து விதை வெளியே வந்தது அதுவே முதல் தடவை. கோதுமைக்கும் பருப்புக்கும் அது சரி. வேதாளனைப் பெட்டகத்தில் வைக்க முடியாது, வருடா வருடம் யாராவது நட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வலிகாமத்தான் தம்பிக்கு ஒரு கேள்வி: போருக்குப் பிறகு கடன் நிலைமை என்ன?

வலிகாமத்தான் · புதன், இரவு 9:30

நீங்கள் சொன்ன ஊர்க் கடைக்காரன் கதைதான் டீச்சர், வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. வீதி திறந்ததும் முதலில் வந்தது விதை இல்லை, லீசிங் கம்பெனிகளும் மைக்ரோ கடன்காரர்களும். புருஷனை இழந்த பெண்கள் வீட்டு வாசலில் வாராவாரம் தவணைக்கு நின்றார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று.

தெற்கிலிருந்து மரக்கறியும் இந்தியாவிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வந்து இறங்கின. கையால் துலா மிதித்துப் பழகிய இடத்துக்கு ஒரே நாளில் முழுச் சந்தையும் வந்துவிட்டது. கனடாக் காசு வருகிற வீடு தோட்டத்தை விற்று மாடி கட்டியது. காசு வராத வீடு கூலிக்குப் போனது. 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்து வன்னியில் கூலி வேலை செய்த குடும்பங்களுக்குக் காணியே கையில் இல்லை, அவர்கள் கதையை யாரும் எழுதுவதில்லை.

கள்ளிக்குடி சம்சாரி · புதன், இரவு 10:20

'இந்தியாவிலிருந்து வெங்காயம்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

திண்டுக்கல் மண்டிக்கு நான் எத்தனை தடவை கொண்டுபோயிருக்கிறேன். "இலங்கை ஆர்டர் இருக்கு, இன்னைக்கு விலை நிக்கும்" என்று தரகர் சொன்னால் அன்றைக்கு வீட்டுக்குக் கறி எடுத்துக்கொண்டு வருவேன். என் மூத்தவள் காது குத்துக்குக் கம்மல் வாங்கியது அப்படி ஒரு சீசனில்தான். அந்த விலை எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மாரட்வீதி மண்டி · வியாழன், காலை 5:50

அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் அண்ணே. சந்தையில் வெங்காயத்துக்கு ஊர் பெயர் எழுதியா வருகிறது? இப்போது இங்கே ஏற்றுமதிக்குத் தடை போட்டால் நமக்கு விலை விழுகிறது, அங்கே அவர்களுக்கு ஏறுகிறது. தராசு அப்படித்தான் ஆடும்.

கள்ளிக்குடி சம்சாரி · வியாழன், இரவு 8:30

சரிதான். இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

வலிகாமத்தான் தம்பி, உங்கள் பன்னிரண்டு பரப்பு இப்போது யாரிடம்?

வலிகாமத்தான் · வியாழன், இரவு 10:05

ராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது ஐயா. கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள், எங்கள் துண்டு 2015-க்குப் பிறகு வந்தது. சித்தப்பா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். இருபத்தைந்து வருடம் யாரும் கொத்தாத மண், ஆள் உயரத்துக்குப் பற்றை. வீட்டில் அத்திவாரம் மட்டும். கிணற்றுக்குள் ஆலமரம் இறங்கியிருந்தது. அப்பா அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிக் கிணற்றுக் கட்டை மட்டும் பார்த்தார். துலாக் கால் நட்ட குழி தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை.

சித்தப்பா பற்றை வெட்டி, கிணறு இறைத்து, போன வருடம் நாலு பரப்பு நட்டார். விதை வாங்கித்தான் நட்டார். வேதாளன் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம், ஆனால் நிறம் காணாது என்கிறார்.

எனக்கு இங்கே ஒரு சென்ட் நிலமும் வாங்க முடியாது, அது வேறு கதை. நாளைக்குத் திருமங்கலத்தில் வேலை, விடிய ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும்.

கள்ளிக்குடி சம்சாரி · வியாழன், இரவு 10:20

தம்பி, பட்டறை பார்த்த அந்தப் பெரியவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஐப்பசியில் மறுபடி நடப்போகிறேன். விதைக்காய் தெரிந்தெடுக்க இரண்டு நாள் வர முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். பெயிண்டிங் கூலி என்னவோ அதைக் கொடுத்துவிடுகிறேன்.

வலிகாமத்தான் · வெள்ளி, காலை 4:40

தெரியாமல் என்ன, என் மாமாதான். கேட்டேன். கூலி வேண்டாமாம், ஒரு படி விதை வெங்காயம் தந்தால் போதுமாம். முகாமில் வீட்டுக்குப் பின்னால் ஆறடி இடம் இருக்கிறது.